கிளிப்பட லேபிளின் பின்பக்கம்

போன சனிக்கிழமை கோவில்பட்டியில் ஒரு கூட்டம். ஆசிரியப் பயிற்சி முடிக்கப்போகும் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். 'மனதை ஒருமுகப்படுத்துவது எப்படி?' என்று தலைப்புக் கொடுத்து என்னை மேடையேற்றிவிட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்குத் தலைகால் புரியாது. உங்களுக்குத்தான் தெரியுமே.

எழுதுங்கள் என்றேன். மண்டைக்குள் இரைச்சலா? ஒரு காகிதத்தை எடுத்து, நினைப்பதையெல்லாம் அதில் இறக்கி வையுங்கள். மனசு துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிடும். அப்புறம் உட்கார்ந்தால் வேலை ஓடும்... இப்படி முக்கால் மணி நேரம். நல்ல கைதட்டல்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எழுதின காகிதத்தை என்ன சார் செய்யணும்?"

மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அது தலைவருக்கு வைத்த தண்ணீர். 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். இதே ஊரில், ஐம்பதுகளின் பிற்பாதியில் தெரிந்துகொண்டதுதான். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை — மனைவியிடம்கூட. வெட்கம்தான் காரணம். வேறென்ன?

அப்போது நான் இங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குமாஸ்தா. இந்தப் பக்கத்தில் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். வெளியூர் போகும் பெட்டிகளுக்கு விலாசம் எழுதுவது என் வேலை. கல்யாணமாகாத பையன், தனியறை, புழுக்கம். புத்தி ஓர் இடத்தில் நிற்காது. மதுரைக்குப் போகவேண்டிய சரக்குக்குத் தூத்துக்குடி விலாசத்தை எழுதி அனுப்பினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஏதோ பத்திரிகையில் இந்த 'எழுதி இறக்கும்' வித்தையைப் படித்தேன். காகிதத்துக்கா பஞ்சம்? அச்சு சரியாக விழாத லேபிள் தாள்கள் ஆபீஸில் மலையாகக் கிடக்கும். முன்பக்கம் மூக்கில்லாத கிளி, பின்பக்கம் வெள்ளை. தினமும் வந்தவுடன் ஒரு தாளை நிரப்புவேன். சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. விலாசங்கள் சரியாகப் போயின. மானேஜர்கூடச் சிரித்தார்.

ஆனால் என்ன எழுதினேன்? அதைத்தானே சொல்லவேண்டும்...

ஆபீஸுக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் மாடசாமி அண்ணாச்சி. பெட்டி செய்யும் மெல்லிய மரச் சில்லும் காகிதமும் கட்டுக்கட்டாகத் தெருத்தெருவாய் வண்டியில் போகும். வீட்டுப் பெண்கள் அவற்றைப் பெட்டியாக ஒட்டிக் கொடுப்பார்கள். அண்ணாச்சிக்கு மனைவி இல்லை. ஒரே மகள் பேச்சியம்மாள். இடது காலைச் சற்று இழுத்து நடப்பாள். வீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டே சமையலும் பார்ப்பாள். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருநாள் அண்ணாச்சி என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அன்று முதல் நாலு மாதம் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். காசு என்று வாயெடுத்தால் கோபித்துக்கொள்வார்.

நான் ஆற்றங்கரை ஊர்க்காரன். நெல்லுச்சோறு தின்று வளர்ந்த திமிர் போகுமா? ஒருவர் காரணமில்லாமல் சோறு போடுவாரா என்று மண்டை குடைந்தது. ஒருநாள் காலை கிளியின் பின்பக்கத்தில் அதை இறக்கி வைத்தேன். இன்றும் வரி மறக்கவில்லை. 'மாடசாமி சும்மா சோறு போடவில்லை. நொண்டிப் பெண்ணை என் தலையில் கட்டப் பார்க்கிறான். ஒரு வாய் குதிரைவாலிச் சோற்றுக்கு இது ரொம்ப அதிகம்.'

நேரில் அண்ணாச்சி. காகிதத்தில் 'பார்க்கிறான்'. எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கும் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து முதலாளி வருகிறார் என்று ஒரே பரபரப்பு. மேஜையைச் சுத்தம் செய்தேன். எழுதிய தாள்களை என்ன செய்வது? அடுப்பில் போட்டிருக்கலாம். சோம்பல். கழிவு லேபிள் குவியலிலேயே செருகிவிட்டேன். அந்தக் குவியல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கட்டுகளைச் சுற்றிக்கட்ட எடுப்பார்கள். வீடுகளில் பசை ஈரத்துக்கு அடியில் விரிப்பார்கள். தெரிந்துதான் செருகினேன். பெட்டி ஒட்டுகிற பொம்பளைகள் வாசிக்கவா போகிறார்கள்?

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். முற்றமெல்லாம் பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி ஒரு தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். மூக்கில்லாத கிளி.

"கட்டுக்குள்ள கெடந்துச்சு தம்பி. ஒங்க எழுத்து மாதிரி இருக்குன்னு பிள்ளை சொல்லுச்சு. எங்க தெருவுக்கே காயிதம் வாசிச்சுச் சொல்லுதது இவதான். இது மட்டும் ஆபீஸ் வெவரம், வெளங்கலைன்னு சொல்லுதா. முக்கியமான காயிதமா இருந்து தொலைஞ்சிட்டா ஒங்க வேலைக்கில்லா கேடு? என்ன போட்டிருக்குன்னு வாசிங்க."

கையில் வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். 'மாடசாமி சும்மா சோறு போடவில்லை...' எதிரில் பேச்சியம்மாள் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வாசித்தேன். 'லேபிள் கழிவு ஆறு கட்டு. பசை மாவு இருப்பு குறைவு. மதுரைச் சரக்கு திங்கட்கிழமை...' அண்ணாச்சி பயபக்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் நிறுத்தியதும் அவள் கேட்டாள். "இம்புட்டுப் பெரிய காயிதத்துல அம்புட்டுதான் எழுதியிருக்கா?"

ஆபீஸ் சமாசாரத்தில் உனக்கென்ன கேள்வி என்று மகளை அதட்டினார் அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். பிள்ளைக்குப் புதூர்ப் பக்கம் மாப்பிள்ளை முடிவாகிவிட்டதாம். தையிலேயே பேசி முடித்ததாம். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் நான்தான் எழுதித் தரவேண்டுமாம், அச்சாபீஸில் கேட்கிறார்களாம். ஒரு மாதமாகக் கேட்க நினைத்து, படித்த பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டிருக்கிறார்.

தையிலேயே! நான் அந்தக் காகிதத்தை எழுதுவதற்கு எவ்வளவோ முன்னால். நாலு மாதம் அந்த வீட்டில் கைநனைத்தவன் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. படித்தவளா, பேசி முடித்தாயிற்றா... ஒன்றும் தெரியாது. தெரியாமலேயே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளலாமே என்று முனகினேன். அவள்தான் பதில் சொன்னாள். "அவியளே எழுதட்டும்யா. மனசுல உள்ளதெல்லாம் நல்லா எழுதுவாவ."

எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அடுத்த மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை அண்ணாச்சிதான் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

பயிற்சிப் பள்ளிப் பெண்ணே, உன் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பார், இன்னும் திருந்தவில்லை. எழுது, தாராளமாக எழுது. அடுப்பில் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார் — யாரைப் பற்றி எழுதினாயோ அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு.

எனக்கு அவர் நிஜமாகவே எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் பொய்தான் வாசித்தேன்.