கத்தினால் யாரும் பார்க்கக் கூடாது

என் தம்பி செருப்பைச் சரியான காலில் மாட்டிக்கொண்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் கை தட்டுவார்கள். நான் ஷூவை மாட்டி, டையைக் கட்டி, தலையை நானே பின்னிக்கொண்டு, தின்ற தட்டையும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினால், "போவும்போது கேட்ட சாத்திக்கினு போ" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும். எனக்கு அப்போது எட்டு வயது. அவனுக்கு ஐந்து.

அவன் மேல் எனக்குப் பொறாமை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவன் வாயில் விழுந்த ஒவ்வொரு மிட்டாயும் என் வயிற்றில் எரிந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீடு. அப்பா ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தார். தம்பி பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை இடிப்பான். அவன் வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தன்று வெளியே வந்ததால் வந்த வினை என்று ஊரில் சொன்னார்கள். டாக்டர் ஆட்டிசம் என்றார். ஊர் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் கேட்டு அம்மா ஒரே மாதிரிதான் அழுதாள். அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு டீச்சர் ஸ்கூட்டரில் வர ஆரம்பித்தார்.

அந்த டீச்சரிடம் புத்தகம் கிடையாது, பிரம்பும் கிடையாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பி கையில் ஒரு பந்தைக் கொடுத்து, டப்பாவில் போடச் சொல்வார். அவன் போட்டுவிட்டால் "சூப்பர்" என்று சொல்லிக் கடலை மிட்டாயில் ஒரு துணுக்கை உடைத்து வாயில் வைப்பார். உடனே அம்மா கை தட்ட வேண்டும். அப்பா வீட்டில் இருந்தால் அவரும் தட்ட வேண்டும். நானும் தட்ட வேண்டும். பந்தை டப்பாவில் போட்டதற்கு.

ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பந்தை எடுத்துப் போட்டேன். ஒரு முறைகூடத் தவறவில்லை. வாயைத் திறந்து காட்டினேன்.

"உனக்குத்தான் தெரியுமே கண்ணு" என்றார் டீச்சர்.

தெரிந்தவளுக்கு ஒன்றுமில்லை, தெரியாதவனுக்கு மிட்டாய். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மிட்டாய் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அம்மா இடுப்பில் ஒரு சின்ன ஜிப் பை வந்துவிட்டது. துணுக்குகள் அதற்குள் இருக்கும். நான் அம்மா மடியில் படுத்தால் அந்தப் பை கன்னத்தில் குத்தும்.

டீச்சர் கொண்டுவந்த விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். தம்பி ஏதாவது வேண்டும் என்று கத்தினால் யாரும் அவனைப் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது, கேட்டதைக் கொடுக்கவும் கூடாது. அடங்கிய பிறகுதான் திரும்ப வேண்டும். வலியில் அழுதாலோ பயந்து அழுதாலோ ஓடிப் போய்ப் பார்க்கலாம், பிடிவாதக் கத்தலுக்கு மட்டும்தான் இந்த விதி என்று டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "யாராச்சும் ஒருத்தர் பாத்துட்டாகூட, கத்தினா பலன் கீதுன்னு அவனுக்குத் தோணிடும்" என்றார்.

அதனால் அவன் கத்த ஆரம்பித்ததும் அப்பா காலண்டரைப் பார்ப்பார், அம்மா அடுப்பைப் பார்ப்பாள், நான் டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை மோர் வாங்க வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா வூடுடி இது? புள்ள கத்தினு கீது, நீங்க ஆளுக்கொரு செவுத்த பாத்துகினு நிக்கறீங்க?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நீயும் அந்தப் பக்கம் திரும்பிக்க அத்தை, அப்புறம் பேசலாம்" என்றாள். அத்தை தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு நின்றார். எனக்கு ஆனந்தமாக இருந்தது. ஊரே அவனைப் பார்க்காமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

வருடத்தில் ஒருநாள், ஆயுத பூஜைக்கு, அப்பாவின் கம்பெனியில் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம். கம்பெனி பஸ்ஸே வந்து ஏற்றிக்கொள்ளும். போன வருடம் தம்பியால் நாங்கள் யாரும் போகவில்லை. அப்பா மட்டும் போய் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். இந்த வருடம் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நானும் அவரும் மட்டும். அவர் நிற்கும் இடத்தைக் காட்டுவார். பச்சை பட்டனை நான் அமுக்க வேண்டும், அமுக்கினால் சீட்டுகள் பெல்ட்டில் நகரும். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இது டீச்சர் காதுக்குப் போனது. நல்ல வாய்ப்பு, அவனும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். பஸ், கூட்டம், சத்தம் மூன்றையும் அவன் பழக வேண்டுமாம். அன்றிலிருந்து என் ஆயுத பூஜை அவனுக்குப் பாடமாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து அப்பாவின் பஸ் ஊருக்குள் வந்து நின்றதும் அம்மா அவனைப் படியில் ஏற்றி இறக்குவாள். "ஏறு தலைவா" என்பார் டிரைவர். பஸ்ஸில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள். கம்பெனி பஸ்ஸும் அவன் பக்கம் போய்விட்டது.

அந்த நாள் வந்தது. நான் பட்டுப்பாவாடை கட்டியிருந்தேன். ஜன்னல் சீட் அவனுக்கு. வெளியே பார்த்தால் அமைதியாக இருப்பானாம். சுங்குவார்சத்திரத்திலிருந்து வந்த ஓர் அக்கா என்னைப் பார்த்து, "நீ சமத்து, அட்ஜஸ்ட் பண்ணிக்குவ" என்றாள். எனக்கு அப்போதிருந்து சமத்து என்ற சொல்லே ஆகாது.

கம்பெனியில் ரோபோ கைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். மணி அடித்தார்கள். தம்பி காதைப் பொத்திக்கொண்டு அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டான், ஆனால் கத்தவில்லை. "அண்ணே, பையன் கில்லி மாதிரி நிக்கறான்ணே" என்று அப்பாவிடம் லைன் ஆட்கள் சொன்னார்கள். அப்பா முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பா நிற்கும் இடத்துக்கு வந்தோம். பச்சை பட்டன் இருந்தது. நான் கையை நீட்டினேன். அப்பா குனிந்து தம்பியைத் தூக்கி, அவன் விரலைப் பிடித்து பட்டன் மேல் வைத்தார். பெல்ட் நகர்ந்தது. சுற்றி நின்றவர்கள் தட்டினார்கள். அம்மா ஜிப்பைத் திறந்து ஒரு துணுக்கை அவன் கையில் கொடுத்தாள்.

"நான்தானே அமுக்கணும்னு சொன்னீங்க?"

"இரு பாப்பா, அடுத்து நீதான்" என்றார் அப்பா. அதற்குள் சூப்பர்வைசர் வந்து பெல்ட்டை நிறுத்திவிட்டார். அடுத்த லைன் குடும்பங்கள் வருகிறார்கள், நகருங்கள் என்றார்.

தரையில் நடப்பதற்காக மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அதன் மேல் உட்கார்ந்தேன். கத்தினேன். அவன் எப்படிக் கத்துவானோ அப்படியே, தலையை ஆட்டி, காலை உதைத்துக் கத்தினேன். பட்டுப்பாவாடையில் கிரீஸ் ஒட்டியது. இப்போதாவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்பா மிஷினில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். அம்மா தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்தாள். பழக்கம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

"இன்னாங்க, கொயந்த அழுவுது, பாக்க மாட்டீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"பாக்காதீங்க சார். பாத்தா இன்னும் கத்தும்" என்றார் அப்பா.

அவரும் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பியதைப் பார்த்து லைனே திரும்பியது. நான் அழுதது எந்த வகை அழுகை என்று யாரும் கேட்கவில்லை.

சத்தம் ஆகாத தம்பி அந்த இடத்தை விட்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவன் என்னிடம் வந்தான். ஒரு கையால் ஒரு காதைப் பொத்தியிருந்தான். குனிந்து என் முகத்துக்கு நேரே பார்த்தான். இன்னொரு கையிலிருந்த துணுக்கை, வியர்வையில் பிசுபிசுத்துப் போயிருந்ததை, என் வாயில் திணித்தான்.

"சூப்பர்" என்றான்.

நான் கத்துவதை நிறுத்தினேன். வாயில் மிட்டாய் இருக்கும்போது கத்த முடியாது. அம்மா திரும்பினாள். கண்ணில் நீர் வழிய, கை தட்டினாள். அப்பா தட்டினார். சூப்பர்வைசரும் லைன் ஆட்களும் எதற்கு என்று தெரியாமலே தட்டினார்கள். அம்மா ஓடிவந்து அவனை வாரி எடுத்துக்கொண்டாள்.

அவனைத்தான். நான் மஞ்சள் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுதது நான், கைதட்டல் அவனுக்கு. இன்று நானே சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். மஞ்சள் கோட்டைத் தாண்டும்போது அந்தக் கோபம் இன்னும் வரும்.

லீவு முடிந்து டீச்சர் வந்தபோது அம்மா நடந்ததைச் சொன்னாள். டீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டார். யாரும் சொல்லாமலா? அவனாகவா? பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் மூஞ்சியப் பாத்தானா கண்ணு?"

"பாத்தான்."

டீச்சர் கையால் வாயை மூடிக்கொண்டார். தன் விதி உடைந்துபோன கோபம் என்று நினைத்தேன். அவனை மாட்டிவிட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றும் தோன்றியது.

"கத்தினா மிட்டாய் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாரும் திரும்பிக்கினாங்க. அவன் மட்டும் திரும்பல. அவனுக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

டீச்சர் என் தலையைத் தடவினார். "அவனுக்கு அத மட்டும் சொல்லித்தர மாட்டேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள்.

இதிலும் அவனுக்குத்தான் சலுகை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்தாமலே போனேன்.