ஜியாவுதீன் பாடிய விரல்கள்

இரண்டு ஊசிகளும் ஒரே துளைக்குள் எதிரெதிராக நுழைந்து வெளியேறின. மெழுகு தடவிய நூலைக் கைகள் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுத்தன. சுண்டு விரல்களில் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருந்தது. அப்படியும் நூல் சதையை அறுக்கும். அறுத்து, ஆறி, மறுபடி அறுத்து, விரலோரம் காய்த்துக் கறுத்துப்போயிருந்தது. ஷூவின் மேல்தோலான அப்பரின் முன்பக்கத்தில் சுருக்கங்கள் ஒன்றுபோல எழுந்துகொண்டிருந்தன.

அடுத்த வீட்டு டேப்ரிக்கார்டரில் ஜியாவுதீன் அழுதுகொண்டிருந்தான்.

"பாட்டா ஆபா இது? பல்வலிக்காரன்கூட இதவிட சுதியோட முனகுவான்," என்றாள் எதிரே தைத்துக்கொண்டிருந்த தங்கை நசீமுன்னிசா.

முனவ்வர் பேகம் தலை நிமிரவில்லை. பாடுகிறவன் அவள் புருஷன். அழுவதும் அவளுக்காகத்தானாம்.

வேலூரிலிருந்து ஜோலார்பேட்டை வரை அவன் குரல் இல்லாமல் பணக்காரக் கல்யாணம் நடக்காது. மேடையில் ஆயிரம் பேரைக் கொஞ்சுகிறவன் வீட்டில் வாய் திறந்தது சோறு கேட்க மட்டும்தான். சோறு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு முனவ்வர் ஆம்பூரில் இருக்கும் தாய் வீட்டுக்கு வந்தாள். பெண்ணே கேட்டு வாங்கும் விவாகரத்தான குலாவை ஜமாத்தில் கேட்டாள். எழுதிக் கொடுக்கிற நேரத்தில், எண்பத்து நாலாம் வருஷ ரம்ஜான் கழிந்ததும், இந்தக் கேசட் வந்து சேர்ந்தது. எல்லாப் பாட்டும் விட்டுப்போன மனைவியைப் பற்றித்தான். வேலூர்ப் பத்திரிகை ஒன்று, இதயத்தைப் பிழிந்து ஊற்றியிருக்கிறார் என்று எழுதியது. பஜார் டீக்கடையில் தோல் பதனிடும் ஷாப் ஆட்கள் அவ்வளவு இளகவில்லை.

"பொண்டாட்டி போனா ஜமாத்ல சொல்லணும். இவன் இன்னாடான்னா மைக் வெச்சு சொல்றான், பேஜார் புடிச்சவன்."

ஆனால் ஜமாத் பெரியவர்கள் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குலா அப்படியே நின்றுபோனது.

அன்று மதியம் ஜமாத் தலைவர் அப்துல் சமத் வந்தார். வாசல் திரைக்கு வெளியே நாற்காலி போட்டார்கள். முனவ்வர் உள்ளே இருந்தபடியே சலாம் சொன்னாள்.

"அம்மா, கேசட்ட கேட்டேன். இவ்ளோ பிரியம் வெச்சிருக்கானே! ஒரு தரம் போய்ப் பாரும்மா."

"எந்தப் பாட்ட கேட்டீங்க சாச்சா?"

"அந்த மருதாணி விரல் பாட்டுதான். 'வேலை அறியாத பூவிரலால் என் காய்ச்சலை ஆற்றினாயே'ன்னு வருதே, எங்க வீட்ல எல்லாம் தேம்பித் தேம்பி..."

நசீமுன்னிசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "காய்ச்சல் வந்தது ஆபாவுக்கு, சாச்சா. பாட்டுக்கார அய்யா அப்ப ஒடுகத்தூர் கச்சேரில இருந்தாரு."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "கவிதைன்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்மா."

முனவ்வர் டியூபை அவிழ்த்துப் போட்டாள். திரை விலகவில்லை, அதன் கீழே இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்தன. உள்ளங்கையில் மெழுகுக் கறை. இரண்டு சுண்டு விரல்களிலும் நூல் போட்ட வரி, வலது பக்கம் புதுசாகச் சிவந்திருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே ஷூ அப்பர் தைக்கிறேன் சாச்சா. அவர் வீட்லயும் தைச்சேன். தினம் இந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டுது. ஒரு நாளாவது பார்த்திருந்தா இப்படிப் பாடியிருப்பாரா?"

அப்துல் சமத் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் ஜியாவுதீன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கருமத்த நிறுத்தச் சொல்லு," என்று நசீமுன்னிசாவிடம் எரிந்து விழுந்தார். பிறகு எழுந்தார். "கைய உள்ள எடுத்துக்கம்மா. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வா. குலாவ எழுதிடலாம்."

"அவர் ஒத்துக்கலன்னா?"

"நான் பேசறேன். அதையும் பாட்டா பாடுவான், பாடட்டும்."

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் கம்பெனி ஏஜென்ட் மஹபூப் பாஷா சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார். "ஆச்சாம்மா? லாரி நிக்குது."

"ஒரு நிமிஷம் பாய்."

அவள் மறுபடி டியூபைச் சுற்றிக்கொண்டு மிச்சமிருந்த தையல்களை இழுத்தாள். முடிச்சை உள்பக்கம் மறைத்து நூலை நறுக்கினாள். ஜோடியைச் சேர்த்துப் பிடித்துச் சுருக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். பிறகு மற்ற ஜோடிகளின் மூட்டையோடு சேர்த்துத் திரைக்கு வெளியே நீட்டினாள். மஹபூப் பாஷா வாங்கிக்கொண்டார்.