ஏ.சி. சொட்டிய இடத்தில் மட்டும் பச்சை

களைப்பில் சுவரோரம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஆராய்ச்சி பண்ணுகிற எண்ணமெல்லாம் இல்லை. புரட்டாசி வெயிலில் ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் உர மூட்டையை இடுக்கிக்கொண்டு வேங்கிக்காலிலிருந்து செங்கம் ரோட்டு விடுதி வரைக்கும் வந்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையிலிருந்து வேர்வை கழுத்துக்கு இறங்கியது. அந்த விடுதியில் அந்த நேரத்துக்கு நிழல் விழும் இடம் பின்பக்கச் சுவர் ஒன்றுதான். தரையில் கையை ஊன்றினேன். சில்லென்றிருந்தது. திரும்பிப் பார்த்தால் பச்சை. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டம், அடர்த்தியாக, கல்லூரிப் பண்ணையில் பார்த்த மாதிரியான பச்சை. அதைத் தாண்டி மொத்தப் புல்தரையும் வெளுத்து, பழைய செய்தித்தாள் நிறத்தில் கிடந்தது.

மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அந்த வட்டத்தின் நடுவில் விழுந்தது. உரம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தேன். இங்கே கூடுதலாக இருந்தது இந்தச் சொட்டு மட்டும். அப்படியானால் புல்லுக்குப் பசியே இல்லை.

நான் விவசாயம் படித்தவள். வயலுக்குப் போகவில்லை, விடுதிகளின் லான்களைப் பராமரிக்கும் வேலையைத் தனியாகத் தொடங்கினேன். அரசுத் தேர்வு எழுதச் சொல்லி அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. கையில் இருந்த தோட்டங்களில் ஒன்றில் பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டார்கள். இன்னொன்றைக் கார் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது இது மட்டும்.

இதன் உரிமையாளரை எல்லோரும் பாய் என்போம். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர் குடும்பத்துக்குத் தலைமுறைகளாக ஜவுளிக்கடை. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக இதை அவர் பிற்பாடு கட்டினார். மலையைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தப் புல்லில் வந்து படுப்பார்கள். அதற்காகவே அடுத்த வருஷமும் வருகிறவர்கள் இருந்தார்கள். இந்த வருஷம் புல் மஞ்சளானது. கார்த்திகைக்குள் சரியாகாவிட்டால் முழுக்க பேவர் பிளாக் பதித்துவிடுவதாகப் பாய் சொல்லியிருந்தார். அவருடைய மச்சானே பிளாக் வியாபாரி.

நானும் சும்மா இருக்கவில்லை. தழைச்சத்துக் குறைவென்று யூரியா போட்டேன், நுனி கருகியது. இரும்புச்சத்து ஏறவில்லை என்று அன்னபேதி கரைத்துத் தெளித்தேன். சில நாள் பச்சை பிடித்துவிட்டு மறுபடி வெளுத்தது. அப்புறம் பொட்டாஷ். ஒவ்வொரு தடவையும் உற்சாகமாகத்தான் போவேன். திரும்பும்போது வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட அலுப்பாக இருக்கும்.

அன்று எழுந்து, பச்சை வட்டத்திலிருந்து ஒரு பிடி மண்ணும் நடுத்தரையிலிருந்து ஒரு பிடியும் எடுத்தேன். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்து இரண்டையும் தனித்தனி டம்ளரில் கரைத்தேன். உப்பு அளக்கும் பேனா மாதிரியான மீட்டரை விட்டுப் பார்த்தேன். முதல் டம்ளரில் சாதாரணமாகக் காட்டியது. இரண்டாவதில் எண் ஏறிக்கொண்டே போனது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். ஏ.சி. சொட்டில் உப்பு கிடையாது, அது அந்த வட்டத்து உப்பை மட்டும் கழுவி இறக்கியிருக்கிறது. மண்ணில் சத்து இருக்கிறது. உப்பு மிகுந்த மண்ணிலிருந்து வேரால் தண்ணீரை இழுக்க முடியவில்லை, தண்ணீர் ஏறாமல் சத்தும் ஏறாது.

உப்பு எங்கிருந்து வருகிறது? புல்லுக்குப் பாயும் நீலத் தொட்டிவரை குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். தொட்டிக்குள் ஒரு மெல்லிய வெள்ளை டியூப் இறங்கியது. அதன் மறுமுனை சமையலறையில், குடிதண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினில் இருந்தது.

பாய் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாவதில்லை என்று விருந்தினர்களிடம் அவர் பெருமையாகச் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். அதைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

“அப்போ தண்ணிதான் விஷம்ன்றியா?”

“விஷம் இல்ல பாய், உப்பு. மெஷின் நல்ல தண்ணிய நமக்குக் குடுத்துட்டு, போர் தண்ணியில இருக்கற உப்பையெல்லாம் மிச்சத்துல தள்ளிடுது. அதைத்தான் தெனமும் புல்லுக்கு விடறோம்.”

“சரி, நீ போட்ட உரம்?”

“அதுவும் ஒரு உப்புதான். ஜாஸ்தியா இருந்ததை இன்னும் ஜாஸ்தி பண்ணிட்டேன்.”

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். “புல்லு டாக்டரம்மா, நீயே பேஷன்ட்டுக்கு பி.பி. ஏத்திவிட்டுட்டு இருந்தியா?”

சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவரும் உடனே முகம் மாறினார். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடக்கிற ஊரில் தண்ணீரைச் சாக்கடையில் விடு என்று எப்படி வாய் வருகிறது என்று கேட்டார். சமையலறை ஜன்னலிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“பாத்ரூம் கழுவ விடுங்கன்னு, இந்த வருஷம் மெஷின் வச்ச அன்னிக்கே நான் சொன்னேன். வெள்ளக்காரங்க போட்டோ புடிக்கிறாங்கன்னு லானுக்கு இழுத்துவிட்டாரும்மா.”

அத்தோடு டியூப் விவகாரம் முடிந்தது, மிச்சத் தண்ணீர் இனி பாத்ரூமுக்கு. பிளாக் விவகாரம் முடியவில்லை. மச்சானிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம், முழுக்க வேண்டாமென்றால் வீட்டில் சண்டை வரும். பாய் எழுந்துபோய்ப் புல்தரையைக் காலால் அளந்துவிட்டு வந்தார்.

“பாதில பிளாக் போட்டுடறேன். பாதி உனக்கு விடறேன், கார்த்திகை வரைக்கும். எந்தப் பாதி வேணும், சொல்லு.”

ரோட்டுப் பக்கப் பாதியைக் கேட்பேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அங்கே கொஞ்சமாவது உயிர் இருந்தது, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். நான் பின்பக்கத்தைக் கேட்டேன்.

“அதுதானேம்மா ரொம்ப மோசமா கெடக்கு?”

“ஆமா பாய். ஆனா மாடி மழைத் தண்ணி அங்கதான எறங்குது.”

கொண்டுபோன உர மூட்டையைப் பிரிக்காமலே திரும்ப எடுத்து வந்தேன். இனி அந்த மண்ணில் எந்தச் சத்தும் போடப்போவதில்லை. கை சும்மா இருக்காத எனக்கு அதுதான் கஷ்டம். நாளைக் காலை வெயிலுக்கு முன்னால் கடப்பாரையோடு போய், தண்ணீர் அடிவரை இறங்க, பின்பக்கம் முழுக்க நெருக்கமாகத் துளை போட வேண்டும். அடியில் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் இருக்கும், வந்தவரைக்கும் பெயர்க்க வேண்டும். மண் பிடித்துவைத்திருக்கும் உப்பை விடுவிக்க ஜிப்சத்தைத் தூவி, மாடிக் குழாயின் வாயைச் சாக்கடையிலிருந்து புல் பக்கம் திருப்ப வேண்டும். அப்புறம் மழை. அது நன்றாகப் பெய்து, உப்பை வேருக்குக் கீழே இழுத்துக்கொண்டு போகிறதா என்று டம்ளரில் கரைத்துப் பார்க்க வேண்டும்.