தள்ளி வைத்த வீடு

தாமரைச்செல்வி பசுமலையில் ஒரு கல்லூரியில் மானுடவியல் நடத்தினாள். சிறு கூட்டங்களாக வாழ்ந்த ஆதி மனிதர்கள் கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கினார்கள், அவருக்கு உதவியவரையும் ஒதுக்கினார்கள் என்று வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பாள்.

அவள் சாதி மாறி ஜெரால்டைக் காதலித்துக் கட்டியதற்காகச் சொந்த ஊர் அவளுடைய அப்பா மொக்கையனைத் தள்ளி வைத்தது. அவர் இறந்த அன்றும் யாரும் வரவில்லை. சின்ன வயதில் அவளுக்குச் சோறூட்டிய பக்கத்து வீட்டு அன்னக்கொடி அத்தை மட்டும் தன் வீட்டுக் கதவைப் பாதி திறந்து அழுதாள்.

“வந்தா எங்களையும் தள்ளி வச்சுருவாக, தாயி.”

அத்தைமேல் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. ஊர் ஏன் இப்படிச் செய்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால் எதுவும் மாறவில்லை.

ஜெரால்டும் ஆம்புலன்ஸ் டிரைவரும் அப்பாவின் உடலைத் தலைமாட்டில் தூக்க, அவள் தனியாகக் கால்மாட்டைப் பிடித்தாள். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.