பூமியாக நின்றவள் நான்தான்

நானும் பள்ளிக்கூடம் போனவள்தான். இருபத்திரண்டு வருடம் போனேன், பெருக்குவதற்கு. கரும்பலகையில் எவ்வளவோ பாடத்தைத் துடைத்திருக்கிறேன். ஒரு எழுத்துகூட என்மேல் ஒட்டவில்லை. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் போனில் தட்டுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாக்கிப் போடச் சொல்லியிருக்கிறேன். தன்னைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்துக்கொண்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அவள் ஏழாம் வகுப்பு. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூட மணி கேட்கும், அவ்வளவு பக்கம். ஆனால் டீச்சர் கேள்வி கேட்டு எழுப்பினால் பிள்ளைக்கு வாய் பூட்டிக்கொள்ளும். பதில் தெரியும், வராது. மற்ற பிள்ளைகள் சிரிக்கும். காலையானால் வயிற்றுவலி. கடைசியில் மருமகள், ஒரு வருடம் வீட்டிலேயே படிக்கட்டும் என்றாள். போனில் காசு கேட்காமலே பாடம் நடத்துகிறார்களாம், அரசாங்கப் புத்தகம்கூட முழுசாய் உள்ளே இருக்கிறதாம். தப்பாகச் சொன்னால் போன் சிரிக்காது, அது ஒரு நிம்மதி. மகனுக்கு மனசில்லை.

"பொங்கல் வரைக்கும் பார்க்கறேன். அப்புறம் நான் கேக்கறதுக்கு அவ வாயத் தொறந்து பதில் சொல்லணும். சொல்லலன்னா பழையபடி ஸ்கூல்தான்" என்றான்.

இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆக, ஹெட்மாஸ்டர் நான்.

மருமகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்: பாடம் முடிந்தால் பச்சையாக ஒரு டிக் விழும், அதை எண்ணினால் போதும். எண்ணத் தெரியும் எனக்கு. முதல் வாரம் ஒரே பச்சை. கீரை ஆய்ந்துகொண்டே பூரித்துப்போனேன். அப்புறம்தான் பார்த்தேன், வீடியோ அதுபாட்டுக்கு ஓடுகிறது, இவள் பால்கனியில் பூனைக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கடைசிவரை ஓடினாலே பச்சை விழுமாம்!

"ஏண்டி, பூனையா பரீட்சை எழுதப்போவுது?"

"காதுல கேட்டுகிட்டுதான் ஆயா இருந்தேன்."

"அப்ப இன்னா சொன்னாங்கன்னு எனக்குச் சொல்லு."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். எனக்குப் புரிந்தால்தான் டிக். எனக்குச் சுலபத்தில் புரியாது, அது அவள் தலையெழுத்து. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் என்னை நடிக்கவே வைத்துவிட்டாள். ஒரு நாள் நான் கல்லீரல். இன்னொரு நாள் லிட்மஸ் தாள். புளித்தண்ணீர் பட்டதும் நான் சிவக்க வேண்டுமாம். "உங்க தாத்தா போனப்புறம் யாருக்குடி செவக்கறது?" என்றேன்.

நிலா பாடத்தில் நான் பூமி. ஹாலில் எரிகிற பல்பு சூரியன், என் கையில் எலுமிச்சம்பழம் நிலா. கையை நீட்டிக்கொண்டு மெதுவாய்ச் சுற்ற வேண்டும். பல்புக்கு முதுகு காட்டும்போது என் தலையின் நிழல் பழத்தில் விழுந்துவிடும்.

"கையத் தூக்கு ஆயா! அது கிரகணம்!" என்று கத்துவாள். மூன்றாவது சுற்றில் தலை கிறுகிறுத்து சோபாவில் விழுந்தேன். பூமிக்கே மயக்கம். அந்தப் பழத்தை மறுநாள் ரசத்தில் பிழிந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்தது. மூன்றாம் பிறையன்று மொட்டைமாடிக்குப் போனேன். ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. பிறையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, திறந்ததும் பிடித்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மாதம் நன்றாகப் போகும். பேத்தியும் வந்தாள். பின்னாலேயே மகன். பிறையைக் காட்டினான்.

"சொல்லு பாப்பா. நெலா ஏன் இப்படித் தேஞ்சி வளருது?"

பிள்ளைக்கு வாய் பூட்டிக்கொண்டது. அவள் தன் செருப்பையே பார்த்தாள். மகன் இன்னொரு தரமும் கேட்டுப் பார்த்தான்.

"சரி. நாளைக்கு ஸ்கூல்ல போய்ப் பேசறேன்" என்றான் மகன்.

என்னால் அடக்க முடியவில்லை. "இதெல்லாம் ஒரு கேள்வியா? பூமியோட நிழல் விழுதுடா!" என்றேன்.

"ஐயோ ஆயா!" பேத்தி காலை உதைத்தாள். "எத்தினி வாட்டி சொல்றது? நிழல் விழுந்தா அது கிரகணம்! சூரியன் எங்க எறங்குச்சு? அந்தப் பக்கம். பிறை எங்க இருக்கு? அதுவும் அந்தப் பக்கந்தான். அப்ப நம்ம நிழல் எப்படி அங்க போய் விழும்? நெலாவுல பாதி எப்பவும் வெளிச்சமாத்தான் இருக்கு. அதுல இப்ப நமக்குத் தெரியறது இவ்ளோதான். நெலா சுத்தச் சுத்த ஜாஸ்தி தெரியும். பழத்த வெச்சிகிட்டு சுத்துனியே, இன்னாத்தப் பார்த்த?"

"அப்ப அமாவாசை?" என்றான் மகன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அமாவாசைக்கும் என்னைத்தான் திட்டினாள்.

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்லயே படிக்கட்டும்" என்றான். கீழே இறங்குவதற்கு முன் என் காதருகில் வந்து, "வேணும்னே தப்பாச் சொன்னியாம்மா?" என்றான்.

சத்தியமாக இல்லை. எனக்கு இன்றைக்கும் அது நிழல் மாதிரிதான் படுகிறது. யாரும் நம்பவில்லை. மருமகள் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். சரி, அந்தப் பெயரும் இருக்கட்டும்.

மகன் போன பிறகும் பேத்தி பாடத்தை முடிக்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. கண்ணை மூடினேன்.

"கண்ண மூடிகிட்டா எப்படி ஆயா புரியும்?" என்று அதற்கும் ஒரு திட்டு. திறந்தேன். மூக்கு விடைக்க, எதிரிலேயே நின்றிருந்தாள்.