ஏழு நாள் தண்ணீர் படாமல்

அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட பிறகு ரவாங்கில் இருந்த என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கோலா சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் குழாயடியில் நாற்பது வருஷம் குளித்த மனிதர். என் வீட்டுக் குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். அவரால் முடியாது. நானும் என் மனைவியும் ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு நாளாச்சும் நானே தண்ணி ஊத்திக்கணும்யா."

அவர் அறை மூலையிலேயே சுவர் எழுப்பிக் குளிக்க இடம் கட்டினேன். டைல்ஸும் நானே பதித்தேன். தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர். நல்லவேளையாக முதலில் நான் குளித்துப் பார்த்தேன். நான்கே நாளில் அவர் கட்டிலை ஒட்டிய சுவர் ஊறிப்போய், பூச்சு உதிர்ந்தது.

சுங்கை சோவிலிருந்து வந்த கொத்தனார் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டைல்ஸ் தண்ணிய நிறுத்தும்னு யாரு சொன்னா தம்பி? வேல எல்லாம் அடியில லா."

எல்லாவற்றையும் பெயர்த்தார். தரையும் சுவரும் சேரும் மூலைகளைச் சிமெண்டால் வளைத்துப் பூசினார். தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சை, காயக் காய மூன்று தடவை அடித்தார். தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டார். கட்டில் பக்கத்துச் சுவர் காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் டைல்ஸ். இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்ட், அதன்மேல் ஈரம் புகாதிருக்க நிறமில்லாத ஒரு மருந்து. புறப்படும்போது சொன்னார்.

"ஏழு நாள் சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டுச்சுன்னா மறுபடி உடைக்கணும்."

புதுக் குளியலிடத்தின் வாசலில் குறுக்கே ஒரு பலகையைச் சாத்தினேன். அப்பா உட்கார, அவர் கால் தரையை எட்டுகிற உயரத்தில் ஒரு முக்காலி செய்து உள்ளே வைத்தேன். நான்காம் நாள் காலையில் கேட்டார்.

"இன்னிக்கி குளிக்கலாமாய்யா?"

"இன்னும் மூணு நாள்ப்பா."

சரி என்று தலையாட்டினார். ஐந்தாம் நாள் விடியும்போது இறந்து கிடந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆட்கள் வந்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள். யாருக்கோ நடப்பதுபோல நின்றேன். தோட்டத்திலிருந்து வந்த சித்தப்பா என்னிடம் வந்தார்.

"எங்கடா அண்ணன குளிப்பாட்டுறது? வெளிய மழ. உள்ள புதுசா கட்டியிருக்கியாமே?"

"வேணாம் சித்தப்பா. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. தண்ணி படக்கூடாது."

வாய் அப்படித்தான் சொன்னது. அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு வெளியே தார்ப்பாய் கட்டச் சொன்னார். கார் நிறுத்தும் இடத்தில், பெஞ்சில் வைத்து, எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக் குளிப்பாட்டினோம். முதல் குடம் நான் ஊற்றினேன். தார்ப்பாய் ஓரத்தில் ஒழுகிய மழை அவர் முகத்தில் விழுந்தது.

ஏழு நாள் முடிந்ததும் பலகையை எடுத்து, உள்ளே தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். அந்த முக்காலியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். தொட்டி காலியானதும், ஈரத்தோடு எழுந்து போய்க் கட்டிலோரச் சுவரைத் தடவிப் பார்த்தேன்.

சொட்டு ஈரம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.