பெருநாள் தையலும் பிள்ளையின் மூச்சும்

பெருநாள் உடுப்புகளைத் தைத்து முடிக்க வேண்டுமென்று இரண்டு கிழமையாக நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. அதைப் பொருட்படுத்தாமல் ஐந்து மாத மகனை மடியில் வைத்துக்கொண்டே தைத்தேன்.

தடிமன் பிடித்த மூன்றாம் நாள் காலை மகன் பால் குடிக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு குழி விழுந்தது. பக்கத்து வீட்டு ராத்தா, "புள்ளைக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்கு ஓடு புள்ள!" என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மகனைச் சோதித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "நீங்க நித்திர கொள்றல்லயா?" என்றார்.

"தையல் வேல, டாக்டர்."

"நித்திர இல்லாத உடம்புல தடிமன் லேசாத் தொத்தும். ஒங்களுக்கிட்ட இருந்துதான் புள்ளைக்கு வந்திருக்கும்."

மகனுக்கு மூச்சு விட இரண்டு நாள் ஒட்சிசன் கொடுத்தார்கள். கட்டிலருகே இருந்து அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்த நாலாம் நாள் பால் குடித்தான், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு தையல் மெஷினைத் தொடுவதில்லை. தடிமன் வந்தால் பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

— ஒரு தாய், கல்முனை